மாணவர் கற்றலை வகுப்பறைக்கு வெளியே கொண்டு செல்லுதல்: வலைப்பூவும் வலையொலியும்

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் தாம் கற்றதை ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் எழுதிக் காட்டும் நிலையிலிருந்து, அறிமுகமில்லாத வாசகருக்கும் கேட்பவருக்கும் எடுத்துரைக்கும் நிலைக்கு மாறும்போது கற்றலில் நேரும் மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகின்றது. நன்னூற் பாயிரம் கூறும் கற்றல் முறை, பிரான்சு நாட்டுப் பள்ளி அச்சுக்கூடம், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்க நாட்டுப் பள்ளிகளின் பட்டறிவு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழின் இரட்டை வழக்கு வலையொலியில் எழுப்பும் சிக்கல் தனியே ஆராயப்படுகின்றது. கருவியைத் தேர்வதற்கு முன் கேட்பவரை ஏற்பாடு செய்வதே ஆசிரியரின் முதற்பணி என்பது கட்டுரை முன்வைக்கும் கருத்து.

திறவுச்சொற்கள்: வலைப்பூ, வலையொலி, ஒப்படைப்பு, நன்னூல், இரட்டை வழக்கு, பின்னூட்டம், மாணவர் படைப்பு

முன்னுரை

தமிழ்த்துறை மாணவர் பருவந்தோறும் எழுதும் ஒப்படைப்புகளுக்கு வாசகர் ஒருவரே. அவ்வாசகர் பொருளை முன்பே அறிந்தவர். பெரும்பாலும் அப்பாடத்தை நடத்தியவரும் அவரே. அறிந்தவருக்கு அறிந்ததையே எழுதிக் காட்டும் இச்சூழலில், ஒன்றை விளக்க வேண்டிய தேவை மாணவருக்கு எழுவதில்லை. கலைச்சொல்லை உரிய இடத்தில் இட்டாலே போதும். அதன் பொருள் தமக்கு விளங்கியதா என்று அவர் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. 'உள்ளுறை உவமம்' என எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றுவிடலாம். அதே மாணவர், சங்க இலக்கியம் பயின்றிராத பொறியியல் மாணவர் ஒருவருக்கு அதனைச் சொல்ல நேர்ந்தால் அச்சொல்லோடு நின்றுவிட இயலாது. கருப்பொருள் நிகழ்ச்சி ஒன்றைக் காட்டி, அது தலைவனின் செயலைக் குறிப்பாக எவ்வாறு உணர்த்துகின்றது என்று அவிழ்த்துக் காட்டியாக வேண்டும். தமக்கே விளங்காத இடம் எது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

வலைப்பூ, வலையொலி ஆகியவற்றைக் கல்வியில் பயன்படுத்துவது குறித்த பேச்சு பெரும்பாலும் கருவியைப் பற்றியதாகவே அமைகின்றது. எந்தத் தளம், எந்தச் செயலி, எந்த ஒலிவாங்கி என்னும் வினாக்களே பயிலரங்குகளில் முன்னிற்கின்றன. யார் படிப்பார், யார் கேட்பார், அவர் என்ன மறுமொழி தருவார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. இதன் விளைவாக, துறையின் பெயரில் தொடங்கப்படும் வலைப்பூ, ஒப்படைப்புகளைத் தட்டச்சு செய்து அடுக்கிவைக்கும் மற்றோர் அலமாரியாக முடிந்துவிடுகின்றது.

நன்னூல் கூறும் அரைக்கூறு

கற்றதை எடுத்துரைப்பதும் கற்றலின் பகுதியே என்னும் கருத்து தமிழ் மரபுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்து, புலமை நிரம்பும் அளவைப் பகுத்துக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கால்பங்கே கைவரும்; உடன் பயில்வோரோடு பயில்வதால் மற்றொரு கால்பங்கு சேரும்; எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்குச் செம்மையாக விரித்துரைப்பதனால் நிரம்பும். இன்றைய கல்லூரி வகுப்பறையில் முதற் கால்பங்குக்குக் கால அட்டவணை உண்டு. இரண்டாவது, விடுதி அறைகளிலும் தேர்வுக்கு முந்தைய நாள்களிலும் ஓரளவு தானாகவே நிகழ்கின்றது. மூன்றாவதற்கு இடம் என்று சொல்லத்தக்கது வகுப்புக் கருத்தரங்கு ஒன்றே. அங்கும் கேட்போர் அதே பாடத்தைப் பயின்ற அதே நாற்பது பேர்தாம்.

நன்னூலின் இப்பகுப்பு அளந்தறிந்த கணக்கு அன்று. மரபுவழிப் பட்டறிவைப் பின்னமாகச் சொன்ன முறை. இதனைக் குறிப்பிடக் காரணம் உண்டு. படிப்பதில் பத்து விழுக்காடு, கேட்பதில் இருபது விழுக்காடு, பிறர்க்குக் கற்பிப்பதில் தொண்ணூறு விழுக்காடு நினைவில் தங்கும் என்றவாறு ஒரு கூம்புப்படம் ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளில் எட்கர் டேல் பெயரால் பரவலாகக் காட்டப்படுகின்றது. டேல் 1946இல் வெளியிட்ட 'அனுபவக் கூம்பில்' இத்தகைய விழுக்காடுகள் எவையும் இல்லை. அவை பிற்காலத்தார் ஏற்றியவை. மாணவர் வெளியீட்டுக்கு ஆதரவாக அவ்வெண்களை எடுத்துக்காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் தம் வலுவைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

பள்ளிக்குள் ஓர் அச்சுக்கூடம்

மாணவர் எழுத்துக்கு வெளியில் வாசகரைத் தேடிய முயற்சி இணையத்துக்கு நெடுங்காலம் முற்பட்டது. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றுத் திரும்பிய செலெஸ்தின் ஃபிரெனே, தென்பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியரானார். நெடுநேரம் உரத்துப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. 1924இல் அவர் ஒரு சிறிய அச்சுப்பொறியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். மாணவர் தம் ஊரைப் பற்றியும் வீட்டு நிகழ்ச்சிகளைப் பற்றியும் தாமே விரும்பி எழுதினர்; அவற்றுள் ஒன்றை வகுப்பு வாக்களித்துத் தேர்ந்தது; அதனைக் கூடித் திருத்தி, எழுத்தெழுத்தாகக் கோத்து அச்சிட்டனர். அச்சான தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரித்தானி கடற்கரையில் உள்ள திரெகன்க் என்னும் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன.

மலையடிவாரச் சிறுவன் எழுதியதைக் கடற்கரைச் சிறுவன் படிக்கிறான் என்பதே இங்கு அடிப்படை. மலையூரில் எல்லோருக்கும் தெரிந்தவை கடற்கரையூரில் எவருக்கும் தெரியாதவை. ஆகவே அவற்றை விளக்கி எழுத வேண்டியிருந்தது. அச்சுக்கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் கையால் எடுத்து வைக்கப்பட்டமையால் எழுத்துப்பிழை குறித்த கவனம் ஆசிரியரின் சிவப்பு மை இன்றியே பிறந்தது. இன்றைய வலைப்பூவின் வேகத்தில் இக்கவனம் தொலைந்துபோவதற்கு வாய்ப்பு மிகுதி. கூடித் தேர்தல், கூடித் திருத்தல் என்னும் இரண்டு படிகளையும் வலைப்பூவிலும் தக்கவைத்துக்கொள்ளும் வகுப்புகளே ஃபிரெனேவின் முறைக்கு அருகில் நிற்கின்றன.

வலைப்பூ: மறுமொழியின் இடம்

எவரும் நிரல்மொழி அறியாமலே இணையத்தில் எழுதலாம் என்னும் நிலையை 1999இல் தோன்றிய பிளாக்கர் தளமும் 2003இல் வெளிவந்த வேர்டுபிரசும் உருவாக்கின. ஒருங்குறி பரவியதும் தமிழில் வலைப்பூக்கள் பெருகின. 2004இல் தொடங்கப்பெற்ற தமிழ்மணம் திரட்டி அவற்றை ஓரிடத்தில் காட்டிற்று. அக்காலத் தமிழ் வலைப்பூக்களின் வலிமை பதிவுகளில் மட்டும் இல்லை, பின்னூட்டங்களில் இருந்தது. ஒரு கல்வெட்டைப் பற்றியோ சொல்லின் வேரைப் பற்றியோ ஒருவர் எழுதினால், வேறொரு நாட்டிலிருந்து மற்றொருவர் மறுத்தெழுதினார். கல்வி சார்ந்த வலைப்பூ இதனைத் தற்செயலுக்கு விட்டுவிட இயலாது.

இங்கிலாந்தின் போல்டன் நகரத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் 2011இல் தொடங்கிய 'குவாட்பிளாகிங்' இதற்கு எளிய தீர்வு ஒன்றைக் கண்டது. நான்கு பள்ளிகள் ஓர் அணியாகச் சேர்கின்றன. ஒரு வாரம் ஒரு பள்ளியின் வலைப்பூ முறையிடம் பெறும். மற்ற மூன்று பள்ளி மாணவரும் அவ்வாரம் அதனைப் படித்துப் பின்னூட்டம் இடுவர். நான்கு வாரத்தில் சுற்று முடியும். இதில் தொழில்நுட்பப் புதுமை எதுவும் இல்லை. படிப்பவர் உறுதியாக உள்ளார் என்பதும், படிப்பதும் ஒரு கடமை என்பதும் மட்டுமே புதியவை. பின்னூட்டம் எழுதக் கற்றுக்கொடுப்பதும் இம்முறையில் பாடமாகிவிடுகின்றது. 'அருமை', 'வாழ்த்துகள்' என்னும் சொற்களுக்கு அப்பால் ஒரு வினாவையேனும் எழுப்பாத பின்னூட்டம் எழுதியவருக்குப் பயன்படுவதில்லை.

மாணவர் எழுத்து உண்மையாகவே வெளியுலகை அடைந்தால் என்ன நேரும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் லாக்கில்ப்பெட் என்னும் ஊரின் தொடக்கப்பள்ளி மாணவி ஒருவரின் வலைப்பூ சான்றாகின்றது. ஒன்பது வயதினரான அவர், 2012 ஏப்ரல் 30 அன்று, தந்தையின் துணையோடு, எழுத்துப் பயிற்சியாக 'நெவர்செகண்ட்ஸ்' என்னும் வலைப்பூவைத் தொடங்கினார். இரண்டாம் முறை பரிமாறல் இல்லை என்பதைக் குறிக்கும் பெயர் அது. பள்ளியில் தமக்குத் தரப்பட்ட மதிய உணவை நாள்தோறும் படம் பிடித்து, சுவைக்குப் பத்துக்கு இவ்வளவு, உடல்நலத்துக்குப் பத்துக்கு இவ்வளவு, எத்தனை வாய் உணவு, விலை என்ன, தலைமுடி கிடந்ததா என்று வரிசையாகக் குறித்தார். கூர்ந்து நோக்கல், ஒரே அளவுகோலைத் தொடர்ந்து பயன்படுத்தல், கண்டதையும் கருதியதையும் பிரித்தெழுதல் ஆகிய ஆய்வுப் பழக்கங்கள் அச்சிறு பதிவுகளில் இயல்பாகவே இடம்பெற்றிருந்தன. பிற நாட்டு மாணவர் தத்தம் பள்ளி உணவின் படங்களை அவருக்கு அனுப்பத் தொடங்கினர். பள்ளி மாணவர் காய்கறிக் கலவை, பழம், ரொட்டி ஆகியவற்றை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று சில வாரங்களிலேயே தெரிவிக்கப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தது ஆசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. வலைப்பூவைப் பற்றி நாளிதழ் ஒன்று உணவுப் பணியாளரைத் தாக்கும் தலைப்புடன் செய்தி வெளியிட்டது. சூன் மாத நடுவில், உணவுக்கூடத்தில் இனிப் படமெடுக்கக் கூடாது என்று ஆர்கைல், பியூட் மாவட்ட மன்றம் தடை விதித்தது. மாணவி 'விடைபெறுகிறேன்' என்று ஒரு பதிவு எழுதினார். எதிர்ப்பு பெருகவே மறுநாளே தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் 'மேரிஸ் மீல்ஸ்' அறக்கட்டளைக்காக அவர் திரட்டிவந்த நிதி சில நாள்களில் ஓர் இலட்சம் பவுண்டைக் கடந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுப் பள்ளி ஒன்றில் அந்நிதியால் சமையற்கூடம் அமைந்தது.

இந்நிகழ்ச்சியை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது போதாது. மாணவர் கண்டதை எழுதினால், அவரோடு சேர்ந்து அவர் பயிலும் நிறுவனமும் படிக்கப்படுகின்றது. குற்றம் செய்யாத பணியாளரும் செய்தித் தலைப்புக்கு ஆளாகின்றனர். மாணவர் எழுத்தை வெளியிட ஊக்குவிக்கும் துறை, அவ்வெழுத்து தனக்கு உவப்பில்லாததாக இருக்கும் நாளில் என்ன செய்யும் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். நூலகத்தின் நிலையைப் பற்றி மாணவர் எழுதிய நேர்மையான பதிவை நீக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பருவத்தில் அவர்களிடம் ஆய்வு நேர்மை பற்றிப் பாடம் நடத்துவது கடினம்.

வலையொலி: குரலின் சான்று

'பாட்காஸ்ட்' என்னும் சொல் 2004 பிப்ரவரியில் 'தி கார்டியன்' நாளிதழில் வெளிவந்த கட்டுரையில் பிறந்தது. ஒலிக்கோப்பின் முகவரியைச் செய்தியோடையில் இணைத்து, கேட்பவரின் கருவிக்குத் தானாகவே சென்று சேரச் செய்வது இதன் அடிப்படை. 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்சில் இதற்கு இடமளித்த பின் பரவல் விரைவுற்றது. தமிழில் வலையொலி என்னும் சொல் இதற்கு வழங்குகின்றது. மாணவர் குரலைக் காற்றில் ஏற்றும் பட்டறிவு தமிழகத்தில் அதே காலத்திலேயே தொடங்கியது. இந்தியாவின் முதல் கல்விவளாகச் சமுதாய வானொலியான அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. வானொலிக்கு உரிமமும் ஒலிபரப்புக் கோபுரமும் வேண்டும். வலையொலிக்கு ஒரு கைப்பேசியும் மின்விசிறி நிறுத்தப்பட்ட அறையும் போதும். ஒற்றைத்தடத்தில் நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தால் ஐந்து நிமிடப் பேச்சு ஏறத்தாழ 2.4 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி நடத்திய முதல் மாணவர் வலையொலிப் போட்டிக்கு ஏறத்தாழ 6,000 பதிவுகள் வந்தன. 2019இல் அறிவிக்கப்பட்ட முதல் வெற்றியாளர் இரு குழுவினர். நியூயார்க்கின் பிராங்க்சு பகுதி நடுநிலைப்பள்ளி மாணவியர் மாதவிடாய் பற்றிப் பேசத் தயங்கும் மனநிலையை எடுத்துக்கொண்டனர். டென்னசி மாநில எலிசபெத்டன் உயர்நிலைப்பள்ளி மாணவர், அருகிலுள்ள எர்வின் என்னும் ஊரில் 1916இல் சர்க்கசு யானை ஒன்று தூக்கிலிடப்பட்ட நிகழ்ச்சியையும் அதன் பழியிலிருந்து அவ்வூர் மீள முயல்வதையும் எடுத்துக்கொண்டனர். இரண்டுமே நூலகத்திலிருந்தோ தேடுபொறியிலிருந்தோ அப்படியே எடுத்துத் தந்துவிடக் கூடியவை அல்ல. முதலாவதற்குத் தம் சொந்த வாழ்க்கைச் சூழலும், இரண்டாவதற்குத் தம் வட்டாரத்து மனிதர்களின் குரலும் தேவைப்பட்டன. ஒப்படைப்பைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்துவிடும் இக்காலத்தில் இவ்வேறுபாடு கருதத்தக்கது. ஊர்க் கோயிலின் பூசாரியிடமோ உப்பளத் தொழிலாளியிடமோ மாணவர் நேரில் கேட்டுப் பதிந்த பத்து நிமிடத்தில், அவர் அங்குச் சென்றார், வினா எழுப்பினார், விடைக்குக் காத்திருந்தார் என்பதற்கான தடம் ஒலியிலேயே உள்ளது.

எந்தத் தமிழில் பேசுவது?

வலைப்பூவில் எழாத ஒரு வினா தமிழ் வலையொலியில் முதல் நொடியிலேயே எழுகின்றது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பணியால் வேறுபட்டு ஒரு சமூகத்தில் அருகருகே வழங்கும் நிலையைச் சார்லசு பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு எனக் கோட்பாடாக்கினார். தமிழை முதன்மைச் சான்றாகக் கொண்டு பிரான்சிசு பிரிட்டோ 1986இல் தனிநூல் எழுதினார். தேர்வில் மனப்பாடமாக அறிந்த இக்கருத்தை மாணவர் தம் நாவில் உணர்வது ஒலிவாங்கியின் முன் அமரும்போதுதான்.

எழுதிய கட்டுரையை அப்படியே படித்தால் அது செய்தி வாசிப்பாகிவிடுகின்றது. கேட்பவர் இரண்டாம் நிமிடத்தில் விலகுவர். முற்றிலும் பேச்சு வழக்கில் சொல்லலாம் என்றால் யாருடைய பேச்சு வழக்கு என்னும் வினா வருகின்றது. நெல்லையா, கொங்கா, தஞ்சையா என்பது மட்டுமன்று. சாதிசார் வழக்குகளும் அதில் ஒளிந்துள்ளன. 'கொச்சை' என்று பள்ளியில் திருத்தப்பட்ட தம் வீட்டுமொழியில் ஐங்குறுநூற்றைப் பற்றிப் பேசலாமா என்னும் தயக்கம் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இயல்பானது. இத்தயக்கத்தைப் பேசித் தீர்க்காமல் 'இயல்பாகப் பேசுங்கள்' என்று சொல்லும் ஆசிரியர், நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வழிவிடுகின்றார்.

பயிற்சிக்கு உகந்த இடம் இத்தயக்கமே. 'தலைவி தன் ஆற்றாமையைத் தோழிக்கு உரைத்தாள்' என்று எழுதும் மாணவர் அதனைப் பேச்சுத்தமிழில் சொல்ல முயலட்டும். 'தலைவி வருத்தப்பட்டான்னு தோழிகிட்ட சொல்றா' என்பதா, 'தன்னால தாங்க முடியலன்னு சொல்றா' என்பதா? ஆற்றுதல் என்பதன் எதிர்மறையாக, பொறுக்க இயலாமை என்று அச்சொல்லைப் பிரித்துணர்ந்தவர் இரண்டாவதைத் தேர்வார். உணராதவர் முதலாவதைச் சொல்லிவிட்டுப் போவார். அல்லது 'ஆற்றாமை' என்பதையே திரும்பச் சொல்வார். எழுத்தில் மறைந்திருந்த புரிதலின்மை பேச்சில் வெளிப்பட்டுவிடுகின்றது. முறையான தீர்வு என ஒன்று இல்லை. மேற்கோள் பாடல் செம்மையான எழுத்து வழக்கிலும், விளக்கம் பெரும்பாலோர்க்குப் புரியும் பொதுப் பேச்சு வழக்கிலும், நேர்காணலில் பேசுபவர் மொழி அவர் பேசியபடியேயும் அமைவது நடைமுறையில் கேட்பதற்கு இசைவாக உள்ளது. மாணவரின் வட்டாரச் சாயல் எஞ்சியிருப்பின் அதனை நீக்கத் தேவையில்லை.

இரு ஊடகங்களும் வெவ்வேறு பிழைகளைக் காட்டுகின்றன என்பதும் மொழியாசிரியர் கவனத்துக்கு உரியது. கன்னியாகுமரி மாவட்டப் பேச்சு போன்ற சில வழக்குகள் நீங்கலாகப் பெரும்பாலான வழக்குகளில் ரகர றகர ஒலிவேறுபாடு மறைந்துவிட்டது. நகர னகரமும் அவ்வாறே. இவற்றின் மயக்கம் செவிக்குத் தெரியாது, வலைப்பூவில் தெரியும். ழகரம் தென்வட்டாரத்தில் ளகரமாகவும் வடவட்டாரத்தில் யகரமாகவும் ஒலிப்பதை எழுத்து காட்டாது, வலையொலி காட்டும். ஒரே பொருளை முதலில் பேசியும் பின் எழுதியும் வெளியிடச் செய்தால் இரண்டும் அகப்படும். தம் குரலைத் தாமே திரும்பக் கேட்கும் மாணவர், ஆசிரியர் சொல்லுமுன்பே மறுபதிவுக்கு முனைவதுண்டு.

கேட்பவரை ஏற்பாடு செய்தல்

தொடக்கத்திலேயே உலகம் முழுவதையும் நோக்கிப் பேச வேண்டியதில்லை. இரு கல்லூரித் தமிழ்த்துறைகள் தமக்குள் முறைவைத்துப் படிக்கலாம். இலக்கண வலையொலியை அருகிலுள்ள பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவருக்கு அனுப்பி, புரியாத இடங்களைக் கேட்டு எழுதச் சொல்லலாம். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. நெல் விளையும் மருதத்தைப் பற்றித் தஞ்சை மாணவர் கூறுவதும், இரப்பர்த் தோட்ட வாழ்வின் எச்சங்களைப் பற்றி அங்குள்ள மாணவர் கூறுவதும் ஃபிரெனேவின் மலையூர், கடற்கரையூர் உறவுக்கு ஒப்பாகும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஒருவகையில் இத்தகைய களமே. அங்கு 'சான்று தேவை' என்று குறிப்பவர் மதிப்பெண் இடுபவர் அல்லர் என்பதாலேயே அக்குறிப்பு மாணவரைச் சான்று தேடச் செய்கின்றது.

உரிமையும் பாதுகாப்பும்

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகின்றது. முதலாமாண்டு இளங்கலை மாணவருள் சிலர் இவ்வரையறைக்குள் வருவர் என்பதைக் கல்லூரிகள் மறந்துவிடுகின்றன. சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. பதினேழு வயதில் பேசியதை முப்பது வயதில் வேலைக்குத் தேர்வு செய்பவர் கேட்க நேரலாம். ஆகவே புனைபெயரில் வெளியிடவும், பின்னாளில் நீக்கக் கோரவும் மாணவருக்கு வழி இருக்க வேண்டும். வெளியிட விரும்பாதவர் மதிப்பெண் இழக்கக் கூடாது. நேர்காணல் தருபவர்க்கும் இது பொருந்தும். பதிவு எங்கே, யாரால் கேட்கப்படும் என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் கூறி, அவரது இசைவைப் பதிவின் தொடக்கத்திலேயே ஒலியாகப் பெறுதல் நன்று. இடம், நாள் ஆகியவற்றோடு சேமிக்கப்படும் அப்பதிவு, வட்டார வழக்கு ஆய்வாளர்க்கும் பின்னாளில் தரவாகும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலின்போது எடுத்தாள்வதற்குத் தரும் விலக்கு, பொதுவெளியில் ஏற்றும் ஒலிக்கோப்புக்கு அப்படியே நீளும் எனக் கொள்வது துணிவு. திரைப்பாடலைப் பின்னணியில் ஓடவிடும் பழக்கத்தை முதலிலேயே தவிர்க்க வேண்டும். தமிழ் மாணவர்க்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உள்ளது: பாரதியார் முதலாகத் தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய படைப்பாளிகளின் எழுத்துகளைத் தடையின்றி வாசித்து வெளியிடலாம்.

மதிப்பீடு

பார்வையாளர் எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் மாணவர் பரபரப்பான தலைப்புகளை நாடுவர். ஒலித்தரத்தை அளவுகோலாக்கினால் நல்ல கைப்பேசி வைத்திருப்பவர் வெல்வர். இவ்விரண்டையும் விட, முதல் வரைவு, வந்த வினா, அவ்வினாவுக்குப் பின் மாணவர் செய்த திருத்தம் ஆகிய மூன்றையும் ஒருசேர ஒப்படைக்கச் செய்து, திருத்தத்துக்கு மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்குவது பொருத்தமாகும். வினாவே வராத பதிவுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது முறையன்று. அந்நிலையில், ஒரு கேட்பவரைத் தேடித் தருவது ஆசிரியரிடம் எஞ்சியிருக்கும் வேலை.